சண்டைதான் இருக்கிறது, காதல் எங்கே?

கேள்வி: நீங்கள் விடாமல் புகழ்ந்ததால் ‘தி ஆஃபுல் ட்ரூத்’ (1937) பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றரை மணி நேரம் ஓயாமல் வாயாடுகிறார்கள். விவாகரத்துக்குப் போகிறார்கள், நாய்க்காக அடித்துக்கொள்கிறார்கள், கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். உருப்படியாக ஒரு முத்தம்கூட இல்லை. இதைப்போய்க் காதல் படம் என்கிறீர்களே, பழசு என்றாலே உசத்தி என்கிற வியாதியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வியாதி கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் குற்றப்பட்டியல் என்று நினைத்து எழுதியிருப்பது, அந்தக் காலத்து ஹாலிவுட்டின் வாய்ச்சண்டைக் காதல் படங்கள் எனக்கு ஏன் பிடிக்கும் என்பதற்கான பட்டியல்.

முத்தத்தை முதலில் முடித்துவிடலாம். 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கெடுபிடியாகிவிட்டன. நீண்ட முத்தம் ஆகாது, கல்யாணத்துக்கு வெளியே உள்ள உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது. கையைக் கட்டிவிட்டார்கள் சரி, வாய் இருக்கிறதே என்று வசனகர்த்தாக்கள் மொத்தத்தையும் பேச்சில் இறக்கினார்கள். அதிலும் விவாகரத்து ஜோடி என்றால் ரொம்ப வசதி. ஒருவரை ஒருவர் முழுக்கத் தெரிந்தவர்கள் இல்லையா? “தூக்கம் வருகிறதா?” என்று கேட்டால்கூட அதில் பழைய ராத்திரிகள் ஒளிந்திருக்கும். தணிக்கைக்காரர் எதை வெட்டுவார்?

இதற்கு நம்மிடம் ஊடல் என்று தனிச் சொல்லே இருக்கிறது. கூடி வாழ்ந்தவர்களுக்குத்தான் ஊடல். முன்பின் தெரியாதவர்கள் போட்டுக்கொள்வது வெறும் சண்டை. கும்பகோணத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகைதான்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் நாய் யாருக்கு என்று வழக்கு. அது யாரிடம் போகிறதோ அவருக்கே என்று நீதிபதி சொல்லிவிடுகிறார். இருவரும் கூப்பிடுகிறார்கள். மனைவியாக நடிக்கும் ஐரின் டன், ஒளித்து வைத்திருந்த அதன் விளையாட்டுச் சாமானை நீதிபதி கண்ணில் படாமல் லேசாகக் காட்டுகிறார். நாய் ஓடி வருகிறது. கணவராக நடிக்கும் கேரி கிராண்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் உரிமை மட்டும். தலைமுழுகிவிட்டுப் போக நினைப்பவர்கள் ஒரு நாய்க்கு இவ்வளவு மெனக்கெடுவார்களா?

அப்புறம் அந்தக் கச்சேரிக் காட்சி. இதை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று சந்தேகப்படுகிறேன். மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று பாட்டு வாத்தியார் வீட்டுக்குள் கிராண்ட் பாய்கிறார். உள்ளே நாலு பெரிய மனிதர்களுக்கு முன்னால் அவர் மனைவி பாடிக்கொண்டிருக்கிறார். அசட்டுச் சிரிப்போடு பின்வரிசையில் உட்கார்ந்து, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, நாற்காலியோடு தடாலென்று விழுகிறார். ஐரின் டன் பாட்டை நிறுத்துவதில்லை. கடைசி அடியில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது, அதுவும் சுருதி தப்பாமல். ‘இந்த மடையனை விட்டால் எனக்கு வேறு யார்’ என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

பதிலுக்கு ஐரின் டன்னும் விடுவதில்லை. கிராண்ட் புதிதாகக் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் வீட்டுக்கு, கிராண்டின் தங்கை என்று பொய் சொல்லிக்கொண்டு வந்து, கொச்சையாகப் பேசி ஆடிப்பாடி மானத்தை வாங்குகிறார். அந்த நேரத்தில் கிராண்டின் முகத்தைப் பாருங்கள். மானம் போகிறது, ஆனால் உள்ளுக்குள் ரசிக்கிறார். அவர் ஒரு அடி என்றால் இவர் ஒரு அடி. யாரும் யாரையும் திருத்துவதில்லை, அடக்குவதில்லை. இதே 1930களில் வந்த ‘உருகும்’ காதல் படங்கள் எத்தனையோ இன்று பார்க்க முடியாமல் போனதற்கும், இவை நிற்பதற்கும் காரணம் இந்தச் சமநிலைதான் என்பது என் கட்சி.

இத்தனைக்கும் இயக்குநர் லியோ மெக்கேரி காட்சிகளை அன்றன்றைக்குப் படப்பிடிப்பில் வைத்தே உருவாக்கியவர். கிராண்ட் மிரண்டுபோய்ப் படத்திலிருந்து விலகிவிடப் பார்த்தார். மெக்கேரிக்குக் கிடைத்தது ஆஸ்கர்.

எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். ‘தி ஃபிலடெல்பியா ஸ்டோரி’ (1940) தொடங்கும்போதே கணவன் மனைவியின் முகத்தில் கையை வைத்துத் தள்ளி வீழ்த்துகிறான். பிறகு ஆளாளுக்கு அவளுக்கு அகம்பாவம் என்று பாடம் எடுக்கிறார்கள். எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் படம், எனக்கு முழுசாக ஒட்டியதில்லை. அதே ஆண்டு வந்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் எனக்குப் பாசம் கூட, பத்திரிகை ஆசிரியர் கதை என்பதால். மூல நாடகத்தில் ஆணாக இருந்த நிருபரை இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் பெண்ணாக்கி, ஆசிரியரின் முன்னாள் மனைவியும் ஆக்கினார். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் பேசிவிடுவார். என் அலுவலகத்திலும் அப்படித்தான், காதல் மட்டும் கிடையாது.

பழசு என்று ஒதுக்குமுன் இன்னொன்று. இந்த வாய்ச்சண்டைக் காதல் வகையை ஊரறியச் செய்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ (1934) கதையைத்தான் நம்ம ஊர் ஏவி.எம். 1956-இல் ராஜ் கபூர், நர்கிஸை வைத்து ‘சோரி சோரி’ என்று இந்தியில் எடுத்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கக்கூடும்.

கடைசிக் காட்சியையாவது மறுபடி போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து அறைகள், நடுவில் தாழ்ப்பாள் சரியில்லாத கதவு, நள்ளிரவில் விவாகரத்து முழுசாக அமலுக்கு வருகிறது. கடிகாரத்தில் இரண்டு பொம்மைகள், ஆளுக்கொரு வாசல். கடைசியாக வரும்போது ஆண் பொம்மை தன் வாசலுக்குப் போகாமல் பெண் பொம்மை பின்னாலேயே போய்விடுகிறது. நீங்கள் தேடிய முத்தம் அங்கேதான் இருக்கிறது.

ஃபோனில் தனியாகப் படுத்துக்கொண்டு பார்க்காதீர்கள். வீட்டம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாற்காலி விழும்போது அவர் சிரித்தாரா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.