தலையில் செதில், விரலில் வீக்கம்: மூட்டு மருத்துவர் பதில்கள்

கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். வயது 41. மூன்று மாதமாக வலது நடுவிரல் அடியிலிருந்து நுனிவரை வீங்கிக் கிடக்கிறது. காலையில் கை மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகடிவ், வாதம் இல்லை என்கிறார்கள். பழைய சிக்குன்குனியா வலியா? ஆறு வருஷமாகத் தலையில் பொடுகு வேறு, எந்த ஷாம்புக்கும் போகவில்லை.

போகிற போக்கில் எழுதிய அந்தப் பொடுகு வரிதான் எனக்கு முக்கியம். ஆறு வருஷம் போகாத பொடுகு சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயாக இருக்கலாம். அது தோலோடு நிற்காமல் மூட்டையும் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ள பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி வருகிறது. பெரும்பாலும் தோல்தான் முந்தும், மூட்டு சில வருஷம் கழித்து வரும்.

2006, 2007-இல் கேரளத்தைச் சிக்குன்குனியா ஆட்டிவைத்ததிலிருந்து எல்லையோரத்தில் எந்த மூட்டு வலிக்கும் பழி அதன்மேல்தான். ஆனால் ஒரே விரல் முழுசாக வீங்குவது வேறு கதை. மூட்டோடு சேர்த்து தசைநாணின் உறையும் வீங்கினால்தான் விரல் அப்படித் திரளும். ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதத்துக்கான சோதனை. சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் நெகடிவாகத்தான் வரும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தச் சோதனைகூட சரியாகவே இருக்கலாம். இந்த நோயை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்றைக்கு நல்ல வெளிச்சத்தில் நகங்களைப் பாருங்கள். ஊசியால் குத்தினதுபோல் குழிகள் உண்டா? நகம் நுனியில் சதையை விட்டுத் தூக்கியிருக்கிறதா? காதுக்குப் பின்னால், தொப்புளில், புட்ட இடுக்கில் சிவந்த தடிப்பு இருக்கிறதா? கூச்சப்பட்டு யாரும் காட்டாத இடங்கள் இவை. தேனியில் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மதுரை ராஜாஜி மருத்துவமனையின் மூட்டுவாதப் பிரிவுக்குப் போங்கள். விரலோடு தலையையும் காட்டுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போனாலே எலும்பு அரிக்கத் தொடங்கலாம், அரித்த எலும்பு திரும்பாது.

செங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். யூரிக் ஆசிட் 7.6. மாத்திரை சாப்பிட்டும் குதிகால் வலி போகவில்லை. காலையில் முதல் அடி வைக்க முடியவில்லை, நடக்க நடக்கக் குறைகிறது. மெடிக்கலில் வலி ஊசி போட்டுக்கொள்கிறேன். முழங்கையில் செதில் உதிர்கிறது, வெட்பாலைத் தைலம் தேய்க்கிறேன்.

சொரியாசிஸ் இருந்தாலே யூரிக் ஆசிட் ஏறலாம். எண்ணைப் பார்த்து வைத்தியம் செய்வதில் இதுதான் சிக்கல். யூரிக் ஆசிட் வாதம் பெரும்பாலும் ராத்திரியில் திடீரெனப் பிடுங்கும், சில நாளில் அடங்கும். உங்களுக்கோ காலையில் முதல் அடி வைக்க முடியவில்லை, நடக்க நடக்கக் குறைகிறது என்கிறீர்கள். தசைநாண் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் அழற்சி என்று சந்தேகப்படுகிறேன். தைலம் தோலோடு நின்றுவிடும், குதிகாலுக்குப் போகாது. இன்னொன்று: மெடிக்கலில் போட்டுக்கொள்ளும் அந்த ‘வலி ஊசி’யில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது நின்றதும் தோல் முன்னைவிட மோசமாகக் கிளம்பும் ஆபத்து உண்டு. வேண்டாம்.

கத்திரிக்காய், கருவாடு ஆகாதாமே?

சாப்பிடுங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள், பீடியை விடுங்கள். இந்த இரண்டும் பத்தியத்தைவிட அதிகம் உதவும்.

வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். வயது 27. சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது கேன்சர் மருந்து என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள்.

புற்றுநோய்க்கும் தருகிறோம், ஆனால் அங்கே அளவு மிகப் பெரியது. மூட்டுக்குக் கொடுப்பது சிறிய அளவு, வாரத்தில் ஒரே நாள். தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையிலேயே கிழமையை எழுதிவையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் போடுங்கள். ரத்தமும் ஈரலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்குள் சலித்து நிறுத்தாதீர்கள்.

குழந்தை வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். கருவுக்கு இது ஆகாது. சில மாதங்கள் முன்பே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இது பலிக்காவிட்டால், எதிர்ப்புச் சக்தியின் மிகையை அடக்கும் உயிரியல் ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். எனக்குச் சொரியாசிஸ் மூட்டுவாதம். பக்கத்து வைத்தியசாலையில் பிழிச்சல் (சூடான எண்ணெயைப் பிழிந்து ஊற்றுவது), உழிச்சல் (எண்ணெய் தேய்த்து அழுத்துவது) செய்யலாமா? மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம், என் நோய் ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே துண்டில் துடைக்கலாம். குடும்பத்தில் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதைச் சொல்லி வரன் தட்டிப்போனால் அந்த வீடு போனது நல்லதே.

இதமான சூடு, மெல்லிய எண்ணெய்த் தடவல் ஆகலாம். வீங்கிய மூட்டை அழுத்தி உழியக் கூடாது. தோல் உராய்ந்த இடத்தில் புதுத் தடிப்பு கிளம்புவதும் இந்த நோயின் குணம். மூட்டு மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

எனக்கும் சொரியாசிஸ் மூட்டுவாதம். இரண்டு நாளாக ஒரு கண் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து வாங்கினேன். (புளியரை)

மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், உறுத்தும். வலியும் கூச்சமும் முன்னால் நின்றால் கண்ணுக்குள்ளேயே அழற்சி இருக்கலாம், பார்வையைப் பறிக்கக்கூடியது. அடுத்த சந்தை நாள் வரை காத்திருக்காமல் இன்றே கண் டாக்டரிடம் போங்கள், மூட்டுக்குச் சாப்பிடும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு.