சரக்கு எங்கிருந்து வரும்? – பழைய இரும்புத் தொழில் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, மன்னார்குடியில் சிறிய அளவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி உண்டு. தெருத்தெருவாக மைக் கட்டிச் சுற்றும் வண்டிக்காரர்கள் கொண்டுவந்து போடுவதுதான் சரக்கு. ஒரு வாரம் இடமில்லாமல் குவிகிறது. மறு வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைத்தால் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். மாதம் முழுக்கச் சீராகச் சரக்கு வர யாரைப் பார்க்க வேண்டும்? வண்டிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, வண்டிக்காரர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். நாளைக்கு எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. என் அப்பா கும்பகோணத்தில் பேரீச்சம்பழக் கூடையோடு வண்டி தள்ளிய காலத்திலும் இதே நிலைதான். வீட்டில் ஒரு சாமான் பழசாக வருஷக்கணக்கில் ஆகும். ஒரு தெருவில் ஒரு தடவை வாங்கிவிட்டால் அந்தத் தெரு மறுபடி எப்போது தரும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியது, வேலை நடக்க நடக்கக் கழிவு விழுந்துகொண்டே இருக்கும் இடம்.

கிரில் பட்டறையில் தொடங்குங்கள். கேட், ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி என்று தினமும் பைப்பும் ஆங்கிளும் அறுபடுகின்றன. விழும் வெட்டுத்துண்டு புது இரும்பு. துரு இல்லை, மண் இல்லை, மொத்த வியாபாரி மறுபேச்சில்லாமல் எடுப்பார். அந்தப் பட்டறையில் உங்கள் செலவில் இரண்டு காலி டிரம் வையுங்கள், ஒன்று இரும்புக்கு, இன்னொன்று எவர்சில்வருக்கு. கலந்து கிடந்தால் எவர்சில்வரும் இரும்பு விலைக்குத்தான் போகும், பட்டறைக்காரருக்கும் நஷ்டம். இதை அவருக்கு எடுத்துச் சொல்லி, எவர்சில்வருக்குத் தனி விலை கொடுத்துப் பாருங்கள். அப்புறம் அவர் கடைப் பையனே பிரித்துப் போடுவான்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான பட்டறைகளில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுப்பார்கள். அன்று மதியத்துக்குள் நீங்கள் போய் எடை போட்டு, கையில் பணமும் கொடுத்துவிட்டால், அந்தப் பணம் அவருக்குக் கூலிக்கு உதவும். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடத் தருகிறேன் என்று இன்னொருவர் புதன்கிழமை வந்து நின்றாலும் அவர் யோசிப்பார். ஏனென்றால் நீங்கள் சொன்ன நாளில் வருகிறீர்கள், இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறீர்கள். மழை பெய்தாலும் அந்த நாளைத் தவற விடாதீர்கள். நம்பிக்கையான சரக்கு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பட்டறைக்காரர் தேடுவது நம்பிக்கையாக வந்து எடுக்கும் ஆளை.

அடுத்து, கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடைகள். நம் பக்கம் பில்டர் பாயிண்ட் என்ற ஆழம் குறைந்த குழாய்க் கிணறும் போர்வெல்லும் வைத்துக் குறுவை செய்கிறவர்கள் நிறைய. மின்சாரம் ஏறி இறங்கினால் மோட்டாருக்குள் இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுற்று, கருகிவிடும். குறுவைக் காலத்தில் ரீவைண்டிங் கடை வாசலில் மோட்டார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கழற்றிய காப்பர் யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகளில் அதைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள், சில கடைகளில் விவசாயியே எடுத்துப் போவார். விவசாயி எடுத்துப் போகும் கடையில் உங்கள் செல்போன் எண்ணை ஒட்டி வையுங்கள்.

காப்பரில் கவனம் வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் காயிலில் கம்பி மேல் பிளாஸ்டிக் சுற்றியிருக்கும். அந்த எடை செம்பு இல்லை. தண்ணீருக்கு வெளியே, பம்பும் மோட்டாரும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக்கில் எனாமல் பூச்சு மட்டும்தான். இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் கை நஷ்டம். விலை குறைந்த மோட்டார்களில் அலுமினியக் கம்பி சுற்றியிருப்பதும் உண்டு, பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பிளாஸ்டிக்கை நீக்கக் கம்பியை எரிக்க வேண்டாம். அந்தப் புகை உங்களுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கெடுதல். எரித்த காப்பருக்கு விலையும் குறைவு. உரித்தே எடுங்கள்.

டிராக்டர் பட்டறைகளில் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் தேய்ந்த கத்தி குவிந்து கிடக்கும். சேற்றுழவு முடிந்ததும் சேற்றில் ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் உடைந்து வரும். சம்பா அறுவடை தை, மாசியில் நடக்கும்போது வெளி மாவட்டத்து அறுவடை இயந்திரங்கள் வந்து இறங்கும். அவற்றுக்கு வெல்டிங் வைக்கும் ஆட்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செயின், பேரிங், வெட்டும் கத்தி எல்லாம் வயல் ஓரத்திலேயே கழற்றிப் போடுவார்கள். அரிசி ஆலைகளை அடிக்கடி போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆலையை நிறுத்திப் பராமரிப்புப் பார்க்கும் சமயத்தில் எலிவேட்டர் வாளி, சல்லடை, பாய்லர் குழாய் என்று ஒரே நாளில் ஒரு லோடு கிடைக்கும். ஆலை பிட்டரிடம் பழகியிருந்தால் அந்த நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

லேத் பட்டறையில் இரும்பைக் கடையும்போது விழும் சுருளும் வாங்கலாம், விலை குறைத்து. எண்ணெய் வடிந்த பிறகு எடை போடுங்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். சின்னத் தொகை, ஒரு வாரச் சரக்கில் கழியக்கூடியது, கொடுக்கலாம். பெரிய தொகை கொடுத்தால் கடன் ஏறியவர் உங்கள் தெருப் பக்கமே வரமாட்டார். அதற்குப் பதில் கடை வாசலில் பலகை மாட்டி அன்றைய விலையை எழுதுங்கள். முத்திரை போட்ட மின்னணுத் தராசை, எண் அவர் கண்ணுக்குத் தெரியும்படி திருப்பி வையுங்கள். வெயிலில் சுற்றி வரும் மனிதருக்குக் குடிக்கத் தண்ணீரும் உட்கார நிழலும் கொடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குப் போனவர்களில் பலர் எடையில் ஏமாந்த பிறகு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். மலிவாக வருகிறதே என்று திருட்டுச் சரக்கைத் தொடாதீர்கள். மின்வாரிய அலுமினியக் கம்பி, டிரான்ஸ்பார்மர் காப்பர், தண்டவாளக் கிளிப், சாக்கடை மூடி, வயலில் அறுத்த மோட்டார் கேபிள் – இவை வந்தால் திருப்பி அனுப்புங்கள். பயிர் வாடும் நேரத்தில் கேபிளைப் பறிகொடுத்த விவசாயி கரையில் நிற்பதை ஒரு தடவை பார்த்தால் அந்தக் காசு உங்களுக்கு ஒட்டாது. சட்டமும் சும்மா விடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ரயில்வே பொருள் என்றால் 1966-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது. அந்தப் பொருள் உங்களிடம் நேர்வழியில் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். யாரிடம் வாங்கினாலும் பெயர், செல்போன் எண், வண்டி எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள், சரக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். முடிந்தவரை பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி.

ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் இதையும் கவனியுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற வியாபாரி பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் அதற்கான வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும். உங்கள் கணக்கரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, நான் திருவிடைமருதூர். கணவரோடு சேர்ந்து பழைய பித்தளை வாங்கி நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். நல்ல பித்தளை எங்கே கிடைக்கும்? எப்படித் தரம் பார்ப்பது?
– ஒரு வாசகி

பதில்: நல்ல யோசனை, தங்கச்சி. குத்துவிளக்கு வார்க்கும் பத்தர்கள் பக்கத்திலேயே இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். முதலில் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளைப் பாருங்கள். பழைய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புதியது கொடுப்பது அங்கே வழக்கம். அறுவடைப் பணம் கைக்கு வந்து கல்யாண முகூர்த்தங்களும் தொடங்கும்போது அண்டா, குடம், தவலை எல்லாம் கடைக்கு வந்து குவியும். கடைக்காரருக்கு அவற்றை வைக்க இடம் இருக்காது. வாரம் ஒரு நாள் போய் எடுக்கிறேன் என்று பேசிக்கொள்ளுங்கள். பிளம்பர்கள் கழற்றும் பழைய குழாய்களும் நல்ல சரக்கு.

காந்தம், அரம் இரண்டும் கையில் இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் அரத்தால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். மேலே மஞ்சள் பூச்சு, உள்ளே சாம்பல் நிறம் என்றால் அது துத்தநாக வார்ப்பு, பித்தளை விலை கொடுக்காதீர்கள். குழாயின் ரப்பர் வாஷரையும் இரும்புத் திருகாணியையும் நீக்கிக் கொடுங்கள். ஈயப்பற்று வைத்து ஒட்டிய பாத்திரத்தில் அந்த இடத்தை வெட்டித் தனியாக வையுங்கள். ஈயம் கூடினால் வார்ப்பு கெட்டுப் பத்தர் உங்களைத்தான் கேட்பார்.

வெண்கலப் பானை வந்தால் பித்தளையோடு சேர்க்கவே வேண்டாம். தட்டினால் மணி மாதிரி நின்று ஒலிக்கும், ஓங்கி அடித்தால் விரிசல் விடும். வெள்ளீயமும் செம்பும் கலந்தது, விலையும் கூட. சாமி சிலையோ கோவில் மணியோ கொண்டுவந்தால் வாங்கக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனைக் கழிவு ஏலத்தில் சிறு வியாபாரி கலந்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகர், லால்குடி

பதில்: முடியும், தம்பி. ரயில்வே தன் கழிவை ஐஆர்இபிஎஸ் என்ற இணையதளத்தில் ஏலம் விடுகிறது. மற்றப் பொதுத்துறை நிறுவனங்கள் பல 1964-இல் தொடங்கிய எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக விற்கின்றன. இரண்டிலும் பதிவு செய்ய வேண்டும், முன்வைப்புத் தொகை வேண்டும். சரக்கு கிடக்கும் இடத்தில், கிடக்கும் நிலையிலேயே விற்பார்கள். சொன்ன கெடுவுக்குள் லாரி வைத்து எடுக்காவிட்டால் அபராதம். ஒரு லாட், அதாவது ஏலத்தில் ஒரே தடவையில் விற்கும் குவியல், பெரும்பாலும் உங்கள் முதலுக்கு மேல் இருக்கும். ஆகவே இப்போதைக்கு ஏலம் எடுக்கும் மொத்த வியாபாரியிடம் பழகி, அவர் பிரித்து விற்கும்போது உங்களுக்கு வேண்டிய வகையை மட்டும் பில்லோடு வாங்குங்கள். பில் முக்கியம், ரயில்வே முத்திரை குத்திய துண்டு உங்கள் கடையில் இருந்தால் அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். துவாக்குடியில் சிறு இரும்புக் கட்டுமானப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.