அறிவியல் புனைகதையின் தரம் இறங்கிவிட்டதா?

"இப்போது வரும் அறிவியல் புனைகதைகள் முன்போல இல்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பும் பெரும்பாலானவை சுமார்தான். பழைய இதழ்களில் தேறியவை மட்டுமே இன்று மறுபதிப்பாகின்றன. அவற்றோடு இந்த மாதம் வந்த எல்லாவற்றையும் ஒப்பிட்டால் எப்படி? அறிவியல் புனைகதையில் 90 சதவீதம் குப்பைதான், ஆனால் எந்தத் துறையிலும் அப்படித்தான் என்று எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன் 1950களிலேயே சொல்லிவிட்டார்.

என் குறை வேறு. விண்கலம், ரோபோ எல்லாம் வரும். அவற்றைத் தூக்கிவிட்டாலும் கதை அப்படியே நிற்கும். அப்புறம் அதில் அறிவியலுக்கு என்ன வேலை?

இன்னொரு தலைவலி: 2023 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ் கதைகள் பெறுவதையே சிறிது காலம் நிறுத்தியது. (இயந்திரம் எழுதும் கதைகளைக் கற்பனை செய்தவர்களுக்கே இந்த நிலை!)