மறு: இருபது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை

கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருக்கும்போது உலகத்தையே படித்துவிடலாம் என்று தடிமனான உலக வரலாறு ஒன்றை எடுத்தீர்கள். இருபதாம் பக்கத்தில் தூக்கம், ஊர்ப் பெயர் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை என்கிறீர்கள். அந்த மாதிரிப் புத்தகம் ஒரே பத்தியில் மூன்று நாடுகளைத் தாண்டிவிடும். யாருக்குத்தான் நிற்கும்? (வலி மாத்திரை போட்ட கையோடு படிக்க உட்காருகிறீர்களா என்றும் பாருங்கள்.)

சரி, அதை மூடி வையுங்கள். ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள். நான் மத்திய ஆசியாவில் உள்ள ஆரல் கடலில் தொடங்கினேன். பெயர்தான் கடல், உண்மையில் பெரிய ஏரி. பருத்தி வயல்களுக்காக 1960களில் சோவியத் அரசு அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைத் திருப்பிவிட, அது வற்றிக்கொண்டே போனது. மொய்னாக் என்ற பழைய துறைமுகத்தில் துருப்பிடித்த படகுகள் மணலில் நிற்கின்றன. செயற்கைக்கோள் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து அமு தாரியாவை விரலால் தொடர்ந்தேன். ஏரியை எட்டாமலே ஆறு காணாமல் போகிறது. அப்புறம் அந்தப் பெயர் மறக்கவே இல்லை.

அடுத்து, ஒரே இலக்கை நோக்கிப் போன இருவர் எழுதியதைச் சேர்த்துப் படியுங்கள். தென்துருவத்துக்கு நார்வேக்காரர் அமுண்ட்சென் நாய்வண்டியில் 1911 டிசம்பர் 14இல் போய்ச் சேர்ந்தார். வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு பிரிட்டன்காரர் ஸ்காட்டின் ஐவர் குழு சேர்ந்தது 1912 ஜனவரி 17இல். அந்த ஐவரும் திரும்பவில்லை. ஸ்காட்டின் நாட்குறிப்பை மட்டும் இரவில் எடுக்காதீர்கள், வருகிற தூக்கமும் போய்விடும்.