கம்பி ஒன்றா, இரண்டா?

அன்புள்ள ஐயா,

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் அறவியல் தாளையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். 'நேர்மை என்றால் என்ன' என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் போனை எடுத்துவிடுகிறார்கள். தேர்வில் மட்டும் வரையறையை வரி பிசகாமல் எழுதுகிறார்கள். வீட்டில் வராத நேர்மை இருபது வயதில் வகுப்பறையில் வருமா?

ஒரு ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

திருடாதே, பொய் சொல்லாதே என்று இருபது வயதுக்காரர்களுக்குப் பாடம் எடுப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் பொறியாளர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் வேறு.

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் கூடத்தில் நடன விருந்து. தலைக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். ஓட்டல் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

விசாரணையில் தெரியவந்த காரணம் லஞ்சமோ கலப்படமோ இல்லை. கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி, நான்காம் மாடிப் பாலத்தையும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். அவ்வளவு நீளத்துக்கு மரை (நட்டு முறுக்கும் திருகு வரி) போடுவது சிரமம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள். கீழ்ப்பாலம் இப்போது மேல்பாலத்திலிருந்து தொங்கியது. ஒரு கயிற்றில் இரண்டு பேர் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்திருந்தால் அவரவர் பாரம் அவரவர் கைக்கு. கீழே இருப்பவர் கயிற்றை விட்டு, மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? மேல்பாலத்தின் அடியில் இருந்த நட்டுகளுக்கு நேர்ந்தது அதுதான். பாரம் இரண்டு மடங்கானது. படத்தில் பார்த்தால் சின்ன மாற்றம். பொறியாளரின் ஒப்புதல் முத்திரையும் விழுந்துவிட்டது. (முதல் வடிவமே விதிப்படி தேவையான வலுவில் சுமார் 60 சதவீதம்தான் என்பதும் பிறகு தெரிந்தது.) பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

இதில் அறம் எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது? முத்திரை குத்துமுன் அந்த இணைப்பை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அங்கே நேர்மை. அதை எந்த வீட்டிலும் சொல்லித்தர மாட்டார்கள். உங்கள் வகுப்பில்தான் வர வேண்டும். அதனால்தான் அறவியலைத் தனித் தாளாக ஒதுக்கிவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கணக்குச் சரியாக இருந்தும் தோற்பது உண்டு. 1986இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் விண்ணில் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போடு என்று அவர்களுடைய துணைத் தலைவருக்குச் சொல்லப்பட்டது. அவர் மனம் மாறினார். மறுநாள் ஓடம் வானில் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். மேலதிகாரியிடம் 'முடியாது' என்பதை எழுத்தில், எண்களோடு, குரல் நடுங்காமல் சொல்வதற்கும் பயிற்சி வேண்டும்.

அப்புறம், அறையில் இல்லாதவர்களை நினைக்கும் பழக்கம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கருத்த தோலில் சில சமயம் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் மூச்சுத் திணறுகிறவருக்குச் சிகிச்சை தாமதமாகலாம். யாருடைய விரல்களில் சோதித்தோம் என்ற கேள்வியும் வடிவமைப்புக் கேள்விதான்.

சரி, அடுத்த வகுப்புக்கு ஒரு யோசனை. அந்த இரட்டைக் கம்பிப் படத்தை, கதை எதுவும் சொல்லாமல், ஒப்புதலுக்காக ஆளுக்கொன்று கொடுங்கள். பத்து நிமிடம். எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், எத்தனை பேர் கால்குலேட்டரை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மறுநாள் அந்த 114 பேரைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவரவர் தாளை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். யார் பெயரையும் வாசிக்க வேண்டாம்.

நடந்ததை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.