இன்சுலின் ஊசி எலும்பைக் கரைக்குமா?

கேள்வி: பல வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்று டாக்டர் இன்சுலினுக்கு மாற்றிவிட்டார். ஊசி போட்டால் கால்சியமெல்லாம் சிறுநீரில் போய் எலும்பு வீணாகிவிடும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். கூடவே கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அவர்கள் சொல்வதில் துளியளவு உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சு ஓயமாட்டேன் என்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இன்சுலினை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்த ஆய்வில், அந்தச் சில மணி நேரத்துக்குச் சிறுநீரில் கால்சியம் கொஞ்சம் கூடியது நிஜம்தான். ஆனால் ரத்தத்தில் கால்சியம் லேசாகக் குறைந்தாலே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு, சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி செய்துவிடும்.

உண்மையில் கால்சியத்தை விரயம் செய்வது கட்டுப்படாத சர்க்கரை. ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், அது தண்ணீரை இழுக்கும், தண்ணீரோடு கால்சியமும் போகும். இன்சுலின் அந்த ஓட்டையை அடைக்கிற வேலையைத்தான் செய்கிறது. போதாததற்கு, எலும்பைக் கட்டும் செல்களுக்கு இன்சுலினே ஊக்கம் தருகிறது. சிறுவயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் டைப் 1 நோயாளிகளுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (வேடிக்கை என்னவென்றால், கணையத்தின் பீட்டா செல்லுக்குள் கால்சியம் பாய்ந்தால்தான் இன்சுலினே வெளியே வரும்!)

இன்சுலின் சுரந்தும் உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாத டைப் 2 ஆட்களுக்கு இன்னொரு சங்கதி: எலும்பு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகவே தெரியும், ஆனாலும் எலும்பு முறிவு அதிகம். பல வருடச் சர்க்கரை எலும்பின் கொலாஜன் என்ற புரத நாரில் ஒட்டிக்கொண்டு அதை முறுகலாக்கிவிடுவது அதற்கொரு காரணம், அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

கால்சியம் மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் கணக்கே வேறு.

நான் பயப்படுவது லோ சுகருக்குத்தான். இன்சுலின் போடுபவர்கள் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது நடக்கிற விஷயம். நடுராத்திரி வியர்த்து, கை நடுங்கினால் எழுந்து நடக்காமல் படுக்கை அருகிலேயே வைத்திருக்கும் குளுக்கோஸைச் சாப்பிடுங்கள், அப்புறம் டோஸைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.