கட்டிங்கில் நிற்காத குவார்ட்டர்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். வயது 41. ஐந்து வருஷமாக ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி. ஒரு குவார்ட்டரை இன்னொருவரோடு பாதிப் பாதியாகப் பங்குபோட்டு, கட்டிங்காகக் குறைத்துப் பார்த்தேன், நாலாம் நாளே பழையபடி ஆகிவிட்டது. பீருக்கு மாறினால் குறையுமா? காலையில் நடக்கப் போகிறேன், ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் தானாக மதுக்கடைக்குப் போகிறது. குடியை நிறுத்தச் சாப்பாட்டில் கலக்கும் பொடி ஒன்றை வாங்கலாம் என்கிறார்கள் வீட்டில்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் எழுதாத ஒன்றை முதலில் கேட்கிறேன். காலையில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு உண்டா? கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் அடங்குகிறதா? அப்படியென்றால் நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டிப் பிதற்றலும், இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சில நாட்களுக்குப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து அந்தக் கட்டத்தைத் தாண்டவைப்பார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸுக்குப் பேசலாம், தமிழிலேயே.

நடுக்கம் இல்லையென்றாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு, கீழே சொல்வதை ஆரம்பியுங்கள்.

கணக்குப் பார்ப்பவர்தானே, பீரையும் கணக்குப் பாருங்கள். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 52. இரண்டு பாட்டில் போனால் 104. குவார்ட்டர் பழகியவர் ஒரு பீரோடு எழுந்திருப்பது அபூர்வம்.

கட்டிங் நிற்காததற்கும் காரணம் இருக்கிறது. பங்குக்கு ஆள் கிடைக்காத அன்று முழு பாட்டில் உங்கள் கையில். மீதி 90 மில்லியைக் கீழே கொட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் அளவைக் குறைப்பதைவிடக் குடிக்கும் நாட்களைக் குறையுங்கள். முதலில் செவ்வாயும் வியாழனும் கிடையாது. அது பழகியபின் மூன்றாவது நாள்.

காலை நடை நல்லதுதான், ஆனால் உங்கள் சிக்கல் சாயங்காலத்தில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் ஏழு மணிக்கு ஷட்டில் கோர்ட்டில் நில்லுங்கள். இரட்டையர் ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், நீங்கள் வராவிட்டால் மற்ற மூவரும் போன் செய்வார்கள். தனியாக ஜிம்மில் சேர்ந்தால் தேட ஆளிருக்காது. ஐந்தரைக்கே சுண்டலோ இரண்டு முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள், காலி வயிற்றில் ஆசை இரட்டிப்பாகும். வீட்டுக்குக் கடை இல்லாத தெரு வழியாகப் போங்கள், சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் சில இரவுகள் தூக்கம் வராது. பலர் இங்கேதான் 'தூக்கத்துக்காக' என்று திரும்பிப் போகிறார்கள். பிராந்தி சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும். விழித்தே கிடந்தாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், பகலில் படுக்காதீர்கள்.

பொடி வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அதோடு குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம். மருத்துவர் அதே மருந்தைக் கொடுத்தால் உங்களிடம் சொல்லி, ஈரலைச் சோதித்துவிட்டுத்தான் கொடுப்பார். வீட்டாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.